போலியும் உம்மையும்

2025 ஓகஸ்ட் 19, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 9.20. கற்பிட்டி வீதியோரத்தில் மன்னாரிலிருந்து வந்தோர் வாழும் குடியேற்றம். அதில் றஹ்மத் உம்மாவின் வீட்டு முன்னறை. கதிரைகள் மூன்று, இருந்தோரும் மூவர். வீட்டுக்காரி றஹ்மத் உம்மா, வயது அறுபத்தாறு. புத்தளம் நகரில் துப்பறியும் கந்தோர் நடத்தும் ஹஃபீலா, வயது ஐம்பத்திரண்டு; முன்னர் இருபத்தொரு ஆண்டுகள் நீதிமன்றச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். மூன்றாமவன் அவருடைய உதவியாளன் அஸ்ஜத். முச்சக்கர வண்டி ஓட்டுவது, கதவு தட்டுவது, கேளாத இடத்தில் கருத்துச் சொல்வது ஆகியவை அவன் பணிகள். முதலிரண்டுக்கு மட்டுமே சம்பளம்.

வாசற்படிக்கு வெளியே ஆண்பிள்ளைச் செருப்பு ஒரு சோடி கிடந்தது. அதற்குரியவன் ஐந்து நாள்களாக அந்தப் படியேறவில்லை.

"அவன் பொய்யெண்டா இந்தக் கதவ நான் திறக்க மாட்டேன்," என்றார் றஹ்மத் உம்மா. "மெய்யெண்டா மௌத்தாகும் வரைக்கும் சாத்த மாட்டேன். வெள்ளிக்கிழமைக்கு முன்னுக்கு எனக்குச் சொல்லிப் போடுங்க. பள்ளியில ஆரோ தீர்த்த பிறகு எனக்குத் தெரிய வந்தா அது என்ன தாய்?"

விடயம் சிக்கலானதன்று, அதைச் சிக்கலாக்கிக்கொண்டவர்களே அதிகம். 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு வள்ளங்களில் தப்பி வந்தபோது, றஹ்மத் உம்மாவின் நான்கு வயது மகன் நௌஃபர் காணாமற்போனான். "பிள்ளை கடலில் மூழ்கிப்போனான், என் கண்ணால் கண்டேன்" என்று அவருடைய கணவரின் தம்பி லத்தீப் சாட்சி சொன்னார். குடியேற்றப் பள்ளிவாசலின் குடும்பப் பதிவேட்டில் அப்படியே 'மௌத்து' என்று எழுதப்பட்டது. இவ்வாண்டு சனவரியில் சிலாபத்திலிருந்து முப்பத்தொன்பது வயது ஆண் ஒருவன் வந்து, "நான்தான் நௌஃபர்" என்றான். வேறொரு வள்ளத்தில் ஏற்றப்பட்டுத் தெற்கே கரையொதுங்கியவனைச் சிலாபம் மீன்சந்தையில் வியாபாரம் செய்த எமிலியா என்பவர் வளர்த்தாராம். தன் பெயரையும் உம்மாவின் பெயரையும் தவிர அவனுக்கு நினைவிருந்தது எதுவுமில்லை; மீதியெல்லாம் எமிலியா சொன்னவை.

அப்போது அக்குடியேற்றத்தில் இரத்த ஆய்வு நடத்திக்கொண்டிருந்த கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஷிம்லா, இருவருடைய மாதிரிகளையும் ஒப்பிட்டு அறிக்கை தந்தார். அறிக்கை பள்ளிவாசலுக்குப் போன இரண்டாம் நாள் லத்தீப்பின் செய்தி குடியேற்றத்துக் கைப்பேசிகள் அனைத்துக்கும் போயிற்று. அன்று மாலை றஹ்மத் உம்மா கதவைச் சாத்தினார். பதிவேட்டிலிருந்து 'மௌத்து' என்ற சொல்லை நீக்குவதா, வந்தவனை நீக்குவதா என்பதை நம்பிக்கையாளர் சபை வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் தீர்மானிக்கும்.

ஹஃபீலா லத்தீப்பின் செய்தியைக் கண்ணாடி போட்டு வாசித்தார். அறிக்கைத் தாளொன்றின் படம். அதன் கீழே மூன்று வரிகள்.

"எச்சரிக்க. இவன் போளி. டொக்டர் ரிப்போட்டிலும் போளி மறபனு என்று உள்ளது. சமூகமே விழித்தெலு."

"மூன்று வரி, ஐந்து பிழை," என்றார் ஹஃபீலா. "சமூகத்தை எழுப்பப் போனவர் முதலில் ழகரத்தை எழுப்பியிருக்கலாம்."

"போளி எண்டா சீனி வெச்சுத் தின்னுற சாமான்தானே ராத்தா?" என்றான் அஸ்ஜத். "ஆள் நல்ல இனிப்பு எண்டு சொல்ல வந்திருப்பாரு."

"வாயை மூடு."

படத்திலிருந்த தாளில் அச்சிட்ட வரிகள் இரண்டே. அவற்றின் கீழ் ஷிம்லாவின் கையொப்பமும் முத்திரையும். ஹஃபீலா அவ்வரிகளை உரத்து வாசித்தார்.

"'நௌஃபரிடமும் இப்போலி மரபணு மாற்றம் காணப்படுகிறது. விபரங்கள் ஆய்வுகூடத்தில் பேணப்படும்.'"

வாசித்தவர் மறுபடி வாசித்தார். மூன்றாம் முறை முதற்சொல்லோடு நிறுத்திக்கொண்டார்.

"அஸ்ஜத், இந்தக் குடியேற்றத்தில் எத்தனை பேர் இதை வாசித்திருப்பார்கள்?"

"முந்நூறு நானூறு பேர் இருக்கும்."

"ஒருவர்கூட வாசிக்கவில்லை. பார்த்திருக்கிறார்கள். வாசித்திருந்தால், 'நௌஃபரிடம்' என்று எழுதாமல் 'நௌஃபரிடமும்' என்று எழுதியிருப்பது ஏன் என்று ஒருவராவது கேட்டிருப்பார். 'சாத்தனும் வந்தான்' என்றால் அவனுக்கு முன்னே வேறொருவன் வந்துவிட்டான் என்று பொருள். இது எச்ச உம்மை."

"எச்ச உம்மாவா?"

"உம்மை!"

"எனக்கு உம்மா எண்டுதான் விளங்கிச்சு," என்று அஸ்ஜத் றஹ்மத் உம்மாவைப் பார்த்தான்.

ஹஃபீலாவும் பார்த்தார். இந்த மனிதன் அறியாமல் உளறுவது சில வேளைகளில் அறிந்தோர் பேச்சைவிடப் பயன்படுகிறது என்பது அவருக்கு எப்போதுமே எரிச்சலைத் தரும் உண்மை.

"இதற்கு முன்னே ஒரு தாள் இருக்கிறது," என்றார். "அதில் வேறொருவர் பெயர் இருக்கிறது. அந்தத் தாளைத் தேடுவோம்."

வண்டி வடக்கே கற்பிட்டிப் பக்கம் திரும்பியது. வலப்பக்கம் களப்பு, இடப்பக்கம் வெங்காயப் பாத்திகள். ஹஃபீலா கைப்பேசியின் ஒலிபெருக்கியைப் போட்டு ஷிம்லாவை அழைத்தார்.

"ரெண்டு தாள், மிஸ்," என்றார் ஷிம்லா. "மூலையில ஸ்டேப்ளர் கம்பி அடிச்சு, பதினொராந் திகதி நௌஃபர்ட கையிலதான் குடுத்தேன். உம்மாவுக்கு வாசிக்கத் தெரியா, மகன் வாசிச்சுக் காட்டுவாரு எண்டு நெனச்சேன்."

"முதல் தாளில் என்ன இருக்கிறது?"

"அத நான் சொல்ல ஏலாது. அதில வேற ஒராளைப் பற்றின தகவல் இருக்கு. அவங்கட எழுத்துச் சம்மதம் வேணும், எங்கட ஒழுக்கநெறிக் குழு கூட வேணும். ரெண்டு கிழமை எடுக்கும்."

"வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருக்கிறது."

"தெரியும் மிஸ். ஆனாலும் ஏலாது."

விதியை வளைக்காதவர்களை ஹஃபீலாவுக்குப் பிடிக்கும். ஆதலால் அவர் குரல் ஓரளவு தணிந்தது, ஓரளவு மட்டுமே. "சரி. போலி மரபணு என்றால் என்னவென்றாவது சொல்லலாமா? அதற்கும் குழு கூட வேண்டுமா?"

ஷிம்லா சிரித்தார். "மரபணு எண்டா புரதம் செய்யிறதுக்கான எழுத்து. கோடிக்கணக்கான வருசத்துக்கு முந்தி அதில சிலது பிரதியாகி, பிழை விழுந்து, புரதம் செய்ய ஏலாமப் போச்சு. அதுகளுக்குத்தான் இந்தப் பேர். ஒவ்வொரு மனுசன்ட உடம்பிலயும் பத்தாயிரத்துக்கு மேல இருக்கு. கனகாலம் எல்லாரும் குப்பை எண்டுதான் நெனச்சாங்க."

"குப்பை இல்லையா?"

"எல்லாம் இல்ல. நான் பார்க்கிறது இரத்தத்தச் சிவப்பாக்கிற மரபணுக்களுக்கு நடுவில இருக்கிற ஒண்டு. தானா ஒண்டும் செய்யாது. ஆனா பக்கத்தில இருக்கிறதுகள எப்ப எழுப்புற, எப்ப தூங்க வெக்கிற எண்டத அது ஒழுங்குபடுத்துது. வயித்தில இருக்கிற பிள்ளைட இரத்தம் பெரியாக்கள்ட இரத்தமா மாறுற நேரம் அதில தங்கியிருக்கு. பயனில்லாத சாமான் எண்டா இவ்வளவு காலத்தில கண்டபடி சிதைஞ்சிருக்கும்தானே? மனுசக் குரங்கிலயும் எங்களிலயும் அந்த இடம் பெரிசா மாறவே இல்ல. பழைய வேல போச்சு, புது வேல வந்திட்டு."

"அப்படிப்பட்டதற்குப் போலி என்று பெயர் வைத்தது யார்?"

"சொற்கோவையில அப்பிடித்தான் இருக்கு மிஸ்."

"அச்சடித்துக் கொடுக்குமுன் அதை யார் வாசிப்பார் என்று யோசித்தீர்களா?"

விடைக்குக் காத்திராமல் ஹஃபீலா தொடர்பைத் துண்டித்தார்.

லத்தீப்பின் கருவாட்டு வாடியில் பிளந்த கட்டா மீன் காய்ந்துகொண்டிருந்தது. லத்தீப்புக்கு அறுபது வயது. ஊரில் எதற்கும் முதலாவதாக வாய் திறப்பவர் என்ற பெருமை அவர் நடையிலேயே தெரிந்தது.

"வாங்க மிஸ், வாங்க. போலிக்கு வக்கீலா வந்திருக்கீங்க எண்டு கேள்வி."

"போலி உங்கள் உடம்பிலும் இருக்கிறது, லத்தீப் நானா. பத்தாயிரத்துக்கு மேல்."

"அஸ்தஃபிருல்லாஹ்! என்ட பரம்பரையில அப்பிடி ஒண்டுமே இல்ல!"

"குரங்குக்கும் இருக்காம் நானா," என்றான் அஸ்ஜத் ஆறுதலாக. "நீங்க தனிய இல்ல."

லத்தீப்பின் முகம் சிவந்தது. ஹஃபீலா காத்திருக்கவில்லை. "முதல் தாள் எங்கே?"

"என்ன முதல் தாள்?"

"கிழித்தீர்களா, எரித்தீர்களா?"

"அல்லாஹ்மேல சத்தியமா நான் கண்டது ஒரே தாள்தான்! பள்ளிக் கந்தோரில மேசையில கிடந்திச்சு, ஃபோன எடுத்துப் படம் பிடிச்சேன். அதில போலி எண்டு இருந்திச்சா இல்லையா? இருந்ததத்தானே போட்டேன்? நான் பொய் சொல்ற ஆளில்ல. முப்பத்தஞ்சு வருசமா ஒரே கதையத்தான் சொல்லிக்கொண்டிருக்கேன்!"

"அதுதான் உங்கள் குறை," என்றார் ஹஃபீலா.

அவர் படத்தை விரித்துப் பெரிதாக்கினார். கீழ்மூலையில் லத்தீப்பின் பெருவிரல். தாளின் பாதியளவு நிழல். மேல் இடது மூலையில், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, இரண்டு சிறு துளைகள். கம்பி கழற்றப்பட்ட தடம் அது. கழற்றியவர் நகத்தால் மெதுவாக நிமிர்த்தியிருந்தார். துளைகள் கிழியாமல் வட்டமாகவே இருந்தன.

வண்டிக்குத் திரும்புகையில் அஸ்ஜத் கேட்டான்: "நம்புறீங்களா ராத்தா?"

"நம்புகிறேன். ஒரு தாளை மறைக்க வேண்டுமென்றால் அதை முதலில் வாசிக்க வேண்டும். இந்த மனிதர் ஒரு சொல்லைக் கண்டதும் ஓடத் தொடங்கியவர். தன் விரலையே படத்திலிருந்து விலக்கத் தெரியாதவர், கம்பியை இவ்வளவு பக்குவமாகக் கழற்றியிருப்பாரா?"

பள்ளிவாசல் கந்தோரின் லிகிதர் மஸாஹிர் ஒல்லியானவர். மேசையிலிருந்த பேனைகள் மூன்றும் நேர்கோட்டில் கிடந்தன. ஹஃபீலாவுக்கு அன்று முழுவதிலும் கண்ணுக்கு இதமாக அமைந்த காட்சி அதுவொன்றே. கேட்டதும் அவர் கடித வரவுப் பதிவேட்டைப் புரட்டி, விரலால் ஒரு வரியைக் காட்டினார்.

"ஓகஸ்ட் பன்னிரண்டு. கொண்டுவந்தவர் நௌஃபர். அறிக்கை. தாள் ஒன்று. பக்கத்தில அவர்ட கையொப்பம். நான் தாள எண்ணாம கையெழுத்து வாங்கிறதில்ல மிஸ்."

மூலத் தாளையும் கோவையிலிருந்து எடுத்துக் காட்டினார். அதே இரண்டு துளைகள்.

கந்தோருக்கு வெளியே வந்ததும் அஸ்ஜத் தலையைச் சொறிந்தான். "ஷிம்லா ரெண்டு தாள் குடுத்தா. பள்ளிக்கு வந்தது ஒண்டு. நடுவில கை வெச்சது ஒரே ஆள்." அவன் குரலில் வழக்கமான கேலி இல்லை. "நம்மட ஆளே கள்ளனா ராத்தா? முதல் தாளில 'இவன் மகன் இல்ல' எண்டு இருந்திருக்குமோ?"

ஹஃபீலா வண்டியில் ஏறினார். நீதிமன்றத்தில் இருபத்தொரு ஆண்டுகள் இருந்தவருக்கு ஆவணம் மறைப்போரை நன்றாகத் தெரியும். தமக்குப் பாதகமானதை மறைப்பார்கள். வேறெதையும் மறைத்தவர் ஒருவரையும் அவர் கண்டதில்லை. காலையில் 'உம்' என்ற ஓரசையைப் பிடித்துக்கொண்டு தாம் எழுப்பிய கட்டடம் முழுவதும் இப்போது எதிர்ப்பக்கம் சாய்வதை அவர் உணர்ந்தார். றஹ்மத் உம்மாவிடம் இதைச் சொல்லவேண்டியவரும் அவரே.

நௌஃபர் கற்பிட்டித் துறையில் வள்ளமொன்றின் எஞ்சினைக் கழற்றிப் பிரித்துக்கொண்டிருந்தான். இரவில் அந்த வள்ளத்திலேயே படுக்கிறான் என்று பக்கத்திலிருந்தவர்கள் சொன்னார்கள். ஹஃபீலாவைக் கண்டதும் எழுந்து எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தான்.

"கம்பியைக் கழற்றியது நீ," என்றார் ஹஃபீலா. "மறுக்காதே, எனக்கு நேரமில்லை. தாள் எங்கே?"

அவன் மறுக்கவில்லை. "எரிக்க ஏலாமப் போச்சு மிஸ். எரிக்கத்தான் நெனச்சேன்."

"ஏன்?"

"அதில உம்மாட பேர் இருக்கு."

சாமான் பெட்டியின் அடியிலிருந்து பொலித்தீன் பை ஒன்றை எடுத்தான். உள்ளே நான்காக மடித்த தாள். கொடுக்குமுன் ஒரு கணம் தயங்கினான்.

"நான் சிங்களத்தில படிச்சவன். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனா போலி எண்டா எனக்குத் தெரியும். சிலாவத்துச் சந்தையில போலிச் சாமான் விக்கிறவன அடிச்சுத் துரத்துவாங்க. முதல் வரியிலயே இருக்கு மிஸ்: றஹ்மத் உம்மாவுக்குப் போலி எண்டு. அதுக்குக் கீழ நான் வாசிக்க இல்ல. என்னைப் போலி எண்டா ஹரி, பரவாயில்ல, நான் திரும்பச் சிலாவத்துக்குப் போவேன். அவ எங்க போற? முப்பத்தஞ்சு வருசம் அந்த ஊரில இருந்தவ."

ஹஃபீலா தாளை விரித்தார். ஒரு முறை தமக்குள் வாசித்தார். பின்னர் சாட்சிக்கூண்டில் நிற்பவருக்கு வாசித்துக் காட்டும் குரலில், சொற்சொல்லாக வாசித்தார்.

"'றஹ்மத் உம்மாவிடம், போலி மரபணு ஒன்றின் ஒழுங்குபடுத்தும் பகுதியில் அரிய மாற்றம் காணப்படுகிறது. ஆய்வுக்குட்பட்ட நானூற்றுப் பன்னிருவரில் இம்மாற்றத்தைக் கொண்டோர் இவரும் நௌஃபரும் மட்டுமே. ஒப்பிடப்பட்ட ஏனைய இருபது அடையாளங்களும் பொருந்துகின்றன. முடிவு: இருவரும் தாயும் மகனும் ஆவர்.'"

நௌஃபர் கைத்துணியைக் கீழே போட்டான். "இன்னொருக்கா வாசிங்க மிஸ். கடைசி வரிய மட்டும்."

"தாயும் மகனும் ஆவர்."

அவன் எஞ்சின்மீது கையூன்றிக்கொண்டு உட்கார்ந்தான்.

"நீ ஒரு முட்டாள்," என்றார் ஹஃபீலா. "லத்தீப் ஒரு சொல்லை வாசித்துவிட்டு ஊரைக் கூட்டினார். நீ ஒரு வரியை வாசித்துவிட்டு உன்னையே நாடுகடத்தினாய். உனக்கும் அவருக்கும் இரண்டு சொல்தான் வித்தியாசம். மீனை எப்படி எண்ணுவாய்? நாலுக்கு அடுத்து என்ன?"

"அஞ்சு."

"எழுத்தில் அது ஐந்து. அதனிடத்தில் நின்று அதே வேலையைச் செய்கிற 'அஞ்சு' என்பதற்கு இலக்கணத்தில் என்ன பெயர் தெரியுமா? போலி. அஞ்சு மீன் ஐந்து மீனைவிடக் குறையுமா?"

"குறையாது."

"சிலாபத்துச் சந்தையில் அடிப்பார்களா?"

"இல்ல மிஸ்."

"எழுந்து கையைக் கழுவு. எண்ணெயோடு உம்மாவின் வீட்டுக்குப் போகக் கூடாது."

"ராத்தா," என்று அஸ்ஜத் மெல்லச் சொன்னான், "பாதகமானத மட்டுந்தான் மறைப்பாங்க எண்டு சொல்லுவீங்களே."

"அது பாதகம் என்று நினைத்துத்தான் மறைத்திருக்கிறான். யாருக்குப் பாதகம் என்பதில்தான் நான் பிழைவிட்டேன்," என்றார் ஹஃபீலா. தம் பிழையை அவர் உரத்துச் சொல்லி அஸ்ஜத் அன்றுதான் கேட்டான். கேலி செய்ய அவனுக்கு மனம் வரவில்லை.

பகல் ஒன்றரை மணிக்கு றஹ்மத் உம்மாவின் முன்னறையில் இரண்டு தாள்களும் வரிசைப்படி வாசிக்கப்பட்டன. இரண்டாவதை மஸாஹிர் தாமே கையில் கொண்டுவந்திருந்தார். முதல் தாள் ஏன் மறைந்தது என்பதையும் ஹஃபீலா ஒளிக்காமல் சொன்னார்.

"அந்தச் சாமான் எனக்கிட்டயும் இருக்கா?" என்று றஹ்மத் உம்மா கேட்டார்.

"ஓம்."

"முதல்ல எனக்கிட்ட. பிறகுதான் அவனுக்கிட்ட."

"ஓம். உங்களிடமிருந்துதான் போயிருக்கிறது."

"அப்ப அது நான் குடுத்தது," என்றார் றஹ்மத் உம்மா. எழுந்து போய்க் கதவின் இரண்டு பலகைகளையும் சுவரோடு சாய்த்து, காற்றுக்கு அடிபடாமல் கொக்கி மாட்டினார். வெளியே மணலில் நின்றவனைப் பார்த்து, "என்னைப் போலியெண்டு நெனச்சுக்கொண்டா அஞ்சு நாள் வள்ளத்தில கிடந்த? மடப் பயலே, உள்ளுக்கு வா," என்றார்.

ஓகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின் நம்பிக்கையாளர் சபை கூடியது. றஹ்மத் உம்மாவின் சம்மதத்துடன் இரு தாள்களும் முழுமையாக வாசிக்கப்பட்டன. குறுக்கு விசாரணையில், பிள்ளை கடலில் மூழ்கியதைத் தாம் காணவில்லை என்றும், அவனை இன்னொரு வள்ளத்தில் ஏற்றியவர் தாமே என்றும், கேட்டவர்களுக்கு விடை சொல்ல வெட்கப்பட்டுக் கண்டதாகச் சொன்னதாகவும் லத்தீப் ஒப்புக்கொண்டார். 'மௌத்து' என்ற பதிவு வெட்டப்பட்டது. அதன் எதிரே, 'நௌஃபர், றஹ்மத் உம்மாவின் மகன், உயிருடன் உள்ளார்' என்று மஸாஹிர் எழுதினார். லத்தீப் அதே கைப்பேசிகள் அனைத்துக்கும் திருத்தம் அனுப்ப வேண்டும் என்றும், அறிக்கையின் இரு தாள்களும் பள்ளிவாசலில் பிரதி வைக்கப்படாமல் றஹ்மத் உம்மாவிடமே ஒப்படைக்கப்பட வேண்டும் என்றும் தீர்மானிக்கப்பட்டது. சபையில் மாற்றுக் கருத்து எதுவும் இருக்கவில்லை.